ஊதா மை காய்ந்த நாள்

எனக்கு ஒழுங்காக வந்த வித்தை ஒன்றுதான்: தூங்குவது. பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்பில் பாதியில் விட்டுவிட்டு, திருவள்ளூரைச் சுற்றி நெல் அவிப்பது, செங்கல் சூளையில் மண் மிதிப்பது, கிணறு தூர் வாருவது, கல்யாணப் பந்தலுக்குக் குழி தோண்டுவது என்று கண்டதையும் செய்தேன். எதிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. ஆனால் எங்கே போட்டாலும் தூங்குவேன். உப்பு மூட்டைமேல் தூங்கியிருக்கிறேன். ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி, திருநின்றவூரில் மூடிய கண்ணைத் திருவள்ளூரில் திறந்திருக்கிறேன். யாராவது சோம்பேறி என்று திட்டினால், எங்கள் ஊர்ப் பெருமாளே படுத்துக்கொண்டுதான் இருக்கிறார், அவர் ஊரில் பிறந்துவிட்டு நான் மட்டும் எழுந்து நின்று என்ன சாதிக்கப்போகிறேன் என்று கேட்பேன்.

ஒரே ஒரு தடவைதான் தூக்கத்தைக் கைவிட்டேன். அது அறுபதுகளில். அரிசி மில்லில் ராத்திரி நெல் அவித்துவிட்டுப் பகலில் மூட்டையும் சுமந்தால் இரட்டைக் கூலி என்று ஆசைப்பட்டேன். ஐந்தாம் நாள், மில்லில் ஓடுகிற பெல்ட் என்னைப் பற்றி ஏதோ பேசுவதுபோல் இருந்தது. ஆறாம் நாள், கூட வேலை செய்தவன் எல்லோருக்கும் பீடி நீட்டிவிட்டு எனக்கு நீட்டவில்லை. எனக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. ஆனாலும் உமிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். உலகத்தில் ஒருத்தருக்கும் நான் வேண்டாம் என்று அழுதேன். அழுதபடியே அந்த உமியில் சாய்ந்தவன் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். எழுந்தபோது பீடி விஷயம் ஞாபகம் இருந்தது. அதற்கு எதற்காக அழுதேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உமி குத்தி உடம்பெல்லாம் அரித்தது. வேறு குறை இல்லை.

இந்தக் கதை எதற்கு என்றால், பின்னால் எனக்கு வாய்த்த லாரி டிரைவருக்காக.

எழுபதுகளின் தொடக்கத்தில், முப்பத்திரண்டு வயதில், நான் லாரிக் கிளீனர் ஆனேன். வண்டியைக் கழுவ வேண்டும், நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், பின்னால் எடுக்கும்போது "வரட்டும், வரட்டும்" என்று கத்த வேண்டும். மீசை முளைக்காதவர்களுக்கு என்று ஏற்பட்ட வேலை. எனக்கோ முன்தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. திருவள்ளூரில் லாரி வைத்திருந்த முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுல இன்னாய்யா கிளீனரு?"

"பத்து வருசம் முந்தி வந்திருந்தா வயசு கம்மியா இருந்திருக்கும் மொதலாளி. அப்ப நீங்க கூப்புடல."

அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. சேர்த்துக்கொண்டார். எனக்கு முன்னால் இருந்த கிளீனர் வாளியையும் கட்டையையும் ஒப்படைத்துவிட்டுப் போகிற போக்கில், "அண்ணாத்த, நல்ல செருப்பா ஒண்ணு வாங்கிக்க. இந்த வண்டியில நடக்கற வேல ஜாஸ்தி" என்றான். லாரியில் என்னடா நடக்கிற வேலை என்று சிரித்தேன்.

டிரைவர் என் வயதுக்காரர். பெரிய கைகள், சின்னக் குரல். பதினெட்டு வயதிலிருந்து ஸ்டீயரிங் பிடிக்கிறவர், வேறு தொழில் தெரியாது. வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகப் போய்ப் பெரிய ரோட்டில் ஏறி, கும்மிடிப்பூண்டி, எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குள் போவது எங்கள் வழி. முதல் பயணத்தில் வெங்கல் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. சட்டென்று பிரேக்கை மிதித்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"இன்னாது அது?"

"பள்ளம், டிரைவரே."

"ஏதோ மேல ஏறின மாதிரி இருந்திச்சே. எறங்கிப் போய் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். பள்ளம்தான் இருந்தது. வந்து சொன்னேன்.

"ஆளு யாரும் இல்லியே?"

"இல்ல."

"ஆடு, மாடு?"

"இல்ல டிரைவரே."

"நல்லா பாத்தியா?"

"பள்ளத்துல எறங்கியே பாத்தேன்."

வண்டியை எடுத்தார். ஒரு மைல் போனதும் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. மறுபடி நிறுத்தம், மறுபடி நடை. அன்றைக்குச் செருப்பு வாங்கச் சொன்னவனை நினைத்துக்கொண்டே நடந்தேன். லாரி வேலைக்கு வந்து, ஆந்திராவுக்குப் பாதி தூரம் நடந்தே போன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பின்னால் போய் நான் கண்டெடுத்த பொருள்களைச் சொன்னால் ஒரு சந்தை வைக்கலாம். தேங்காய் ஓடு, ஒற்றைச் செருப்பு, காய்ந்த சாணி, அரைச் செங்கல். ஒருதடவை உயிரோடு ஒரு நாய். அதன்மேல் எதுவும் ஏறவில்லை. வழியில் படுத்திருந்ததை நான் எழுப்பியதால் கோபித்துக்கொண்டு லாரிவரை குரைத்துக்கொண்டே வந்தது. நாளாக ஆக எனக்குச் சலித்துவிட்டது. கொஞ்ச தூரம் நடந்து, மைல் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டு, திரும்பி வந்து ஒன்றும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. எந்த மரம் வரைக்கும் போனாய், அந்த மரத்தடியில் யார் இருந்தார்கள் என்று குறுக்கு விசாரணை செய்தார். ஒருநாள் பொய்க்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கலாம் என்று, "ஒரு தேரை இருந்திச்சு டிரைவரே, குதிச்சிப் போயிடுச்சு" என்றேன். அது பெரிய தப்பு. நொண்டிக்கொண்டு குதித்ததா, நேராகக் குதித்ததா என்று கேட்டார். பிறகு தானே இறங்கிப் போய், வயல் வரப்பில் அரைமணி நேரம் இல்லாத தேரையைத் தேடினார். நானும் கூடத் தேடினேன். வேறு என்ன செய்வது?

இது எப்படி வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். சில மாதங்களுக்கு முன், தொடர்ந்து மூன்று ராத்திரி தூங்காமல் வண்டி ஓட்டியிருக்கிறார். மூன்றாம் ராத்திரி கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று குறுக்கே போனது போலவும், வண்டி லேசாகத் தூக்கிப் போட்டது போலவும் இருந்ததாம். நிறுத்தித் தேடினார். ஒன்றும் இல்லை. விடிந்ததும் மறுபடி வந்து தேடினார், ரத்தக் கறைகூட இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

"கண்ண மூடுனா டயரு சுத்தறது தெரியுது. தூங்கிட்டு எழுந்து ஓட்டினா அசதியில எவன் மேலயாவது ஏத்திடுவேனோன்னு பயம். அதான் தூங்கறதே இல்ல."

தூங்கினால் அசதி வரும் என்று பயந்து தூங்காமல் இருக்கிற ஆளை அப்போதுதான் பார்த்தேன். டீமேல் டீயாகக் குடிப்பார். ஈரத்துணியால் கண்ணை ஒற்றுவார். கண் எரிய எரிய, ரோட்டில் பள்ளம் கூடிக்கொண்டே போயிற்று. எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் மில் பெல்ட் பேசியதைக் காதால் கேட்டவன் நான். இந்த ஆளுக்கு வேண்டியது டீ இல்லை என்று தெரிந்தது.

விஷயம் முற்றியது ஒரு பங்குனி மாதத்தில். திருவள்ளூரிலிருந்து கூடூரில் ஒரு சோடா கம்பெனிக்குக் காலி பாட்டில் லோடு. மரப்பெட்டிகளில் வைக்கோல் வைத்து அடுக்கியிருந்தார்கள். சின்னக் குலுக்கலுக்கும் ஆயிரம் பாட்டில் சேர்ந்து சத்தம் போடும். புறப்படும்போதே முதலாளி டிரைவரிடம் விரலை நீட்டினார். "இன்னொரு தபா லேட்டாச்சுன்னு வை, சாவிய வெச்சிட்டுப் போய்கினே இரு. எனக்கு இந்தப் பேஜாரு வேணாம்."

வழியில் டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "அவரு கேக்க வேணாம். இந்த டிரிப்பு முடிஞ்சா நானே குடுத்துடறேன்."

"குடுத்துட்டு?"

"தெரியல."

"ஊட்ல ரெண்டு பொண்ணு கீது."

"அதுங்க மாதிரி எவன் ஊட்டுப் பொண்ணு மேலயாவது ஏத்தறதுக்கு முந்தி எறங்கிடறேன்."

அவர் போனால் எனக்கும் வேலை போகும். அது பெரிதில்லை, எனக்கு வேலை போவது பழக்கம். ஆனால் இவ்வளவு நன்றாக ஓட்டுகிற ஒருத்தர் தேங்காய் ஓட்டுக்குப் பயந்து தொழிலை விடுவதா என்று இருந்தது.

காலையில் எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டினோம். லோடு பில்லில் முத்திரை வாங்குவது என் வேலை. ஜன்னலில் நீட்டினேன். இரண்டு நிமிஷத்தில் குத்திக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கென்று அவ்வளவு சுறுசுறுப்பு. திரும்பி வரும்போது பார்த்தேன். டிரைவர் லாரிக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு டயரையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஜுரம் அடிக்கிற குழந்தையைத் தொடுவதுபோல.

நான் நேராக அவரிடம் போகாமல் கூழ்க் கடைக்குப் போனேன். கடை நடத்திய அம்மா தடாப் பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். திட்டும்போது மட்டும் இரண்டிலும் தனித்தனியாகத் திட்டுவார்.

"இத்த உள்ள வெச்சிக்கம்மா. நான் கேக்கற வரிக்கும் யார்கிட்டயும் காட்டாத."

"இன்னா நைனா, திருட்டு பில்லா?"

"பில்லு நல்ல பில்லுதான். டிரைவருதான் சரியில்ல. தூங்க வெக்கணும்."

அந்த அம்மா எட்டி லாரியைப் பார்த்தார். "அவனா! ஒவ்வொரு தபாவும் போவச்சொல்ல என் கட நாயிங்கள எண்ணிட்டுப் போறான். திரும்பி வரச்சொல்ல மறுபடி எண்றான். மூணும் கீதான்னு பாத்துட்டுத்தான் கூழே குடிக்கறான்." பில்லை வாங்கிக் கேழ்வரகு மாவு டின்னில் போட்டு மூடினார். "போ, நான் பாத்துக்கறேன்."

டிரைவரிடம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"மை காஞ்சிபோச்சாம் டிரைவரே. முத்திர குத்த மை இல்ல. பொன்னேரிக்கு சைக்கிள்ல ஆள் அனுப்பிகிறாங்களாம். சாயந்தரம் ஆவும்."

"இப்பதான ரெண்டு வண்டி போச்சு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அது சரக்கு வண்டி. சரக்குக்குப் பச்ச மை. நம்பளுது காலி பாட்டிலு. காலிக்கு ஊதா மை" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நம்பிவிட்டார். நாள் கணக்கில் தூங்காதவன், மைக்கு இன்று லீவு என்று சொன்னாலும் நம்புவான்.

டீ குடிக்கக் கடைக்கு வந்தார். "டீத்தூளு தீந்துபோச்சு நைனா" என்றார் அந்த அம்மா, நான் சொல்லிக் கொடுக்காமலே. அவருக்குப் பின்னால் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"அது இன்னா?"

"அது பாத்திரம் கழுவறதுக்கு."

ஆகவே கூழ் குடித்தார். பெரிய குண்டான் நிறையக் கூழ், சுட்ட கருவாடு, வெங்காயம். இரண்டாவது குண்டானையும் அந்த அம்மா கேட்காமலே ஊற்றினார். வயிறு நிறைந்ததும் டிரைவருக்குக் கண் சொருகியது. ஆனால் எழுந்து போய் கேபினில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். படுங்கள் என்றால் மாட்டேன் என்றார்.

"நான் கண்ண மூடற நேரத்துல ஏதாவது வந்து அடியில பூந்துக்கும்."

அப்போது எனக்கு வாழ்க்கையிலேயே ஒரே ஒரு நல்ல யோசனை வந்தது.

"மேல குந்திகினு இருந்தா அடியில இன்னா கீதுன்னு எப்படித் தெரியும் டிரைவரே? அடியிலயே படுத்துக்க. ஆறு டயரும் கண்ணுக்கு நேரா இருக்கும். எது வந்தாலும் நீதான் மொதல்ல பாப்ப."

கேபினிலிருந்து எட்டிக் கீழே டயரைப் பார்த்தார். "அது வாஸ்தவம்தான்" என்றார்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். அடியில் சாக்கு விரித்தேன். அவர் மல்லாந்து படுத்து, விரலை நீட்டி டயர்களை எண்ணினார். முன்னால் இரண்டு. பின்னால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஆறு. கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி எண்ணினார். நான் என் தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் பின் சக்கரத்துப் பக்கம் சாய்ந்து, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை எண்ணும்போது "நாலு" என்றார். ஐந்து வரவில்லை. நீட்டிய விரல் நெஞ்சில் விழுந்தது. அப்புறம் குறட்டை.

கூழ்க் கடை அம்மா தூரத்திலிருந்தே இரண்டு கையையும் கூப்பினார்.

டிரைவர் தூங்கின தூக்கத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. வெயில் லாரியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. கடை நாய்கள் மூன்றும் நிழல் தேடி வந்து அவர் பக்கத்திலேயே படுத்தன. ஒன்று அவர் கால்மேல் தலை வைத்துக்கொண்டது. போகிற வருகிற வண்டிக்காரர்கள் விசாரித்தார்கள்.

"இன்னாய்யா, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாகீது. டிரைவரத்தான் கழட்டிப் போட்டுகிறோம்."

பொழுது சாயும்போது அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "மை வந்திச்சா?" என்றார்.

"வர வழியில சைக்கிளு பஞ்சராம்."

"பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு பகல் போய்விட்டது. கூடூரில் பாட்டிலுக்குக் காத்திருப்பார்கள். முதலாளிக்கு டெலிபோன் போயிருக்கும். இந்த ஆள் தன் வேலையைத் தானே விட்டிருந்தால் கௌரவமாகவாவது போயிருப்பார். இப்போது நான் அல்லவா அதைப் பறித்துவிட்டேன்? எழுப்பிவிடலாமா என்று இரண்டு தடவை கையை நீட்டி, இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டேன். தூக்கமே வராது என்று நினைத்துக்கொண்டு, நானும் டயர் எண்ண ஆரம்பித்தேன். இரண்டைத் தாண்டியதாக ஞாபகம் இல்லை.

விடியற்காலையில் ஒரு பெரிய அலறல்.

"ஐயையோ! ரெண்டு பேர் மேல ஏத்திட்டான்யா! நான் சொன்னேனே!"

முதலாளிதான். முந்தின நாள் சாயந்தரம் கூடூரிலிருந்து அவருக்கு டிரங்க் கால் போயிருக்கிறது. ராத்திரியெல்லாம் லாரி மாறி மாறி ஏறி, தூங்காமல், எளாவூர் வந்து இறங்கியவர் கண்ணில் முதலில் பட்டது, லாரிக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த எங்கள் நான்கு கால்கள்.

எனக்கு உயிர் போய்விட்டது. முதலாளிக்குப் பயந்து இல்லை. டிரைவர் இத்தனை மாதமாக எந்த வார்த்தைக்குப் பயந்து நடுங்கினாரோ, அந்த வார்த்தையை ஒருவர் அவர் காதுக்குப் பக்கத்தில் கத்துகிறார். அவர் கண்ணைத் திறந்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி காட்டிய திசையில் பார்த்தார். கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தார்.

"அது என் காலு மொதலாளி" என்றார்.

சொல்லிவிட்டு நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார்.

முதலாளிக்குப் பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. கூடூர்க்காரன் என்ன கேட்டான், எத்தனை தடவை கேட்டான் என்று கத்தினார். கடைசியில் கையை நீட்டினார். "குடுய்யா சாவிய."

டிரைவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். டிரிப் முடிந்ததும் அவராகவே கொடுத்துவிட இருந்த சாவி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குடுக்கறேன் மொதலாளி. வண்டிய யாரு ஓட்டினு போவா?"

முதலாளிக்கு ஓட்டத் தெரியாது. என்னைப் பார்த்தார். எனக்கு "வரட்டும், வரட்டும்" மட்டும்தான் தெரியும். "சரி, கூடூர்ல எறக்கிட்டுக் குடு. நானும் வரேன்" என்று கேபினில் ஏறி உட்கார்ந்தார்.

"பில்லு?" என்றார் டிரைவர்.

"மை வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கூழ்க் கடைக்கு ஓடினேன். டிரைவர் பில்லை வாங்கி ஊதினார். மாவு பறந்தது. முத்திரையை மூக்கருகில் கொண்டுபோனார். "ஊதா மை கேவுரு வாசன அடிக்குதே" என்றார். என்னைப் பார்த்தார். நான் கட்டை எடுப்பதற்காக அவசரமாகக் குனிந்துகொண்டேன்.

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. கட்டைகளை எடுத்தேன், சாக்கை எடுத்தேன், நாய்களை விரட்டினேன், ஏறினேன். வண்டி நகர்ந்தது. பின்னால் டமார் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் தூக்கி இறங்கியது. ஆயிரம் பாட்டிலும் சேர்ந்து கத்தின.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் தகரப் பெட்டி. பின் சக்கரத்துக்கு முன்னால் தலைக்கு வைத்த இடத்திலேயே விட்டுவிட்டேன். எனக்கு உலகத்தில் இருந்த சொத்தெல்லாம் அதற்குள்தான்: இன்னொரு சட்டை, ஒரு அலுமினியத் தட்டு, சீப்பு, கைக்கண்ணாடி.

"நிறுத்துய்யா! ஏதோ ஏறிச்சு!" என்று குதித்தார் முதலாளி.

டிரைவரின் கால் பிரேக்கை நோக்கி நகர்ந்தது. கை இறுகியது. அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பெட்டி என்று நான் சொன்னால் நிறுத்துவார். நிறுத்தினால், ஏறியது உண்மை என்று ஆகிவிடும். அப்புறம் எந்தப் பள்ளத்தைத்தான் அவர் பள்ளம் என்று நம்புவார்?

"கல்லு" என்றேன்.

"எங்கருந்துய்யா வந்திச்சு கல்லு?" என்றார் முதலாளி.

"இந்தப் பக்கம் கம்பெனி கட்ட நெலம் அளந்து கல்லு நட்டுகினே வராங்க இல்ல மொதலாளி? அதுல ஒண்ணு."

டிரைவரின் கால் பிரேக்கிலிருந்து விலகியது. "கல்லுன்றான் இல்ல. குந்துங்க மொதலாளி" என்றார்.

என் சட்டையும் தட்டும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆரம்பாக்கத்தில் ஒரு குலுக்கல். "இன்னாது அது?" என்று முதலாளி எழுந்தார். "பள்ளம்" என்றார் டிரைவர். தடாவில் இன்னொன்று. "இப்ப?" "அதும் பள்ளம்தான்." ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷன், ஒவ்வொரு சத்தத்துக்கும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். சூலூர்ப்பேட்டை தாண்டியதும் அவர் தலை என் தோளில் விழுந்தது. வாயோரம் எச்சில் வழிந்து என்னிடம் மிச்சமிருந்த ஒரே சட்டையை நனைத்தது.

"எழுப்பாத" என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா தூங்கட்டும்."

கூடூரில் பாட்டில் முழுவதையும் இறக்கி முடிக்கும்வரை முதலாளி எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்று யோசிக்கிறவர்போல எங்களைப் பார்த்தார். "நாஷ்டா துன்னீங்களா?" என்றார். சாவியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு நாள் தூக்கத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். திரும்பி வரும்போது டிரைவர் இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஆனால் எந்த மரம் என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பயணத்திலும் எளாவூரில் மை காய்ந்தது. மத்தியானம் கூழ், பிறகு சாக்கு, பிறகு லாரிக்கு அடியில் நான்கு மணி நேரம். ராத்திரியில் வீட்டிலும் தூக்கம் வருவதாகச் சொன்னார். பெண் பிள்ளைகளைத் திட்டுவது குறைந்துவிட்டதாம். அது அவர் மனைவி சொன்னது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், கூழ்க் கடையில் பானையை மூடியிருந்த தகட்டை டிரைவர் எடுத்துப் பார்த்தார். தட்டையாக நசுங்கிய அலுமினியம். ஓரத்தில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய என் பெயர்.

"இது எங்கருந்து வந்திச்சு?" என்றார்.

நான் கண்ணைக் காட்டினேன். அந்த அம்மா கவனிக்கவில்லை. "அன்னிக்கு உங்க வண்டி போன எடத்துல கெடந்திச்சு நைனா. பானைக்குச் சரியா கீது. கூட ஒரு சட்ட கெடந்திச்சு, அத்த நாயிக்கு போட்டுட்டேன்." கடைக்குப் பின்னால், என் கட்டம் போட்ட சட்டைமேல், நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

டிரைவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டயரின் வரி அதில் அச்சாகப் பதிந்திருந்தது.

"அப்ப அன்னிக்கு நான் ஏத்திகிறேன்."

"ஆமா."

"ஏத்திட்டு நிறுத்தாம போய்கிறேன்."

"ஆமா டிரைவரே."

டிரைவர் தட்டை மறுபடி பானைமேல் வைத்தார். இரண்டு மாதத்துத் தூக்கமும் இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். "பொட்டியில வேற இன்னா இருந்திச்சு?" என்று கேட்டார்.

"ஒரு கண்ணாடி. ஒரு சீப்பு."

நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். "உனக்கு இன்னாத்துக்குய்யா சீப்பு?" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கூழ் புரையேறி, கண்ணில் நீர் வந்து, அந்த அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்கிறவரை சிரித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் சாக்கு விரித்தேன். அவர் குனிந்து லாரிக்கு அடியில் போகும்போது நின்றார். "அடியில உன் சாமான் எதாச்சும் வெச்சிகிறியா?"

"எங்கிட்ட இன்னா கீது வெக்கறதுக்கு?"

"வெச்சிருந்தாலும் சொல்லாத" என்று படுத்துக்கொண்டார். படுத்த கையோடு குறட்டை வந்தது. டயரையும் எண்ணவில்லை, நாய்களையும் எண்ணவில்லை.

நான்தான் எண்ணினேன். நாய் மூன்றும் இருந்தன.